அஸாராவின் கடையில் குறைக்க ஒன்றுமில்லை

"கைய எடுங்க ஆபீசர். அது என் கிண்ணம்."

"உங்க கிண்ணம் இல்லன்னு நான் சொல்லலையே மாஸ்டர். பிளாஸ்டிக் கிண்ணம்னுதான் சொல்றேன்."

"பிளாஸ்டிக்தான். என் பொண்டாட்டி கல்யாணத்தன்னைக்குக் கொண்டாந்த பிளாஸ்டிக். அவளே இன்னும் தூக்கிப் போடச் சொல்லல. நீங்க யாரு?"

"மூணுல ஒண்ணு எடுக்கணும்னு உத்தரவு. முன்னால இருந்து எண்ணிக்கிட்டு வந்தேன், உங்களுது மூணாவது. ஒரு இடம் தள்ளி வெச்சிருந்தா தப்பிச்சிருக்கும்."

"அதாவது விடிகாலைத் தொழுகை முடிச்ச கையோட ஓடி வந்தேன் பாருங்க, அது என் தப்பு. பாயில புரண்டுட்டு வந்தவன் கிண்ணம் பத்திரமா இருக்கு."

"கோபப்படாதீங்க மாஸ்டர். எல்லாம் ஆன்ட்டியோட நல்லதுக்குத்தான்."

ஆன்ட்டி என்று அவர் சொன்ன அஸாரா, வாச்சே என்கிற காராமணிச் சோற்றுப் பானைக்குப் பின்னால் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். யார் பக்கம் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிண்ணத்தைப் பிடித்து இழுத்த டிரைவர் இசாக்கு அவளுடைய பழைய வாடிக்கை. மறுபக்கம் இழுத்த லாம்ப்டே, பிளாஸ்டிக் குறைப்பு வாரியத்தின் கள அலுவலர். அவளுடைய இடத்தைக் காப்பாற்றித் தரவேண்டும் என்று உண்மையாகவே பாடுபடுகிற ஒரே அதிகாரி அவர்தான். அதற்காகத்தான் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

டெச்சிமானில் பயணிகள் வண்டி ஏறும் லாரி ஸ்டேஷனில், பக்கத்து ஊரான வென்ச்சிக்குப் போகிற வண்டிகள் நிற்கும் வேப்பமரத்தடியில் அஸாராவின் கடை. அங்கே மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை. கிண்ணங்கள் நிற்கும். விடியும் முன்பே வந்து கிண்ணத்தை மூடியோடு தரையில் வைத்துவிட்டு, ஒருவன் வண்டி கழுவப் போவான், ஒருவன் பல் துலக்கப் போவான். கிண்ணம் நகர்ந்து நகர்ந்து பானைக்குப் பக்கத்தில் வரும்போது ஆளும் வந்து நிற்பான். அடுத்தவன் கிண்ணத்தைத் தாண்டித் தன் கிண்ணத்தை வைத்தவன் இதுவரை அந்த ஸ்டேஷனில் கிடையாது. வேற்றூர்ப் பயணிகளுக்கும் கிண்ணம் இல்லாதவர்களுக்கும் இலை. அகலமான பச்சை இலையில், காராமணியோடு வெந்து சிவந்த சோற்றைக் கொட்டி, மேலே மிளகாய்க் குழம்பும் முட்டையும் வைத்து, மடித்துக் கொடுப்பாள். தின்று முடித்து இலையைப் போட்டால் ஆடு வந்து எடுத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் பையை அந்த ஊரில் ரப்பர் என்பார்கள். அஸாரா ரப்பர் வாங்கியதே இல்லை. கொள்கை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. சுடச்சுட வாச்சேயை ரப்பரில் போட்டால் ஒரு வாடை வரும், அது அவளுக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷனை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். புதுக் கொட்டகையில் யாருக்கு இடம் என்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை: பிளாஸ்டிக் குறைப்பு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். பிளாஸ்டிக் உபயோகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ் உண்டு. இல்லாதவர்கள் மாட்டுச் சந்தைக்குப் பின்னால் போகவேண்டும். அங்கே டிரைவர் வரமாட்டான், பயணி வரமாட்டான். மாடு வரும், அது வாச்சே வாங்காது.

அஸாராவுக்கு முதலில் பயமே இல்லை. நமக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள் என்று நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வாரியத்துக்குப் போனாள்.

லாம்ப்டே அவளை உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர்ப் பாக்கெட் ஒன்று கொடுத்தார். அந்த ஊர் வழக்கப்படி அவள் மூலையைக் கடித்துக் குடித்தாள். காலி உறையைப் போட அறையில் கூடை இல்லை. கூடை வைத்தால் வாரியத்திலேயே பிளாஸ்டிக் சேர்கிறது என்று ஆகிவிடும் என்பதால் எடுத்துவிட்டார்களாம். உறையை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ரெண்டு வருஷம் முன்னால நாங்க கணக்கெடுக்க வந்தோமே, அப்ப எவ்வளவு பிளாஸ்டிக் உபயோகிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல ஆபீசர்."

"இப்ப?"

"இப்பவும் ஒண்ணும் இல்ல."

லாம்ப்டே அதைக் கம்ப்யூட்டரில் போட்டார். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டார். மறுபடியும் நின்றது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தளமே அஸாராவைச் சுற்றி நின்றது.

"பூஜ்யத்தால வகுக்கச் சொல்லுது," என்றார் ஒருவர். "அது முடியாது."

"யார்கிட்டயும் இப்படி வந்ததில்லையே," என்றார் இன்னொருவர், ஏதோ புது வியாதியைப் பார்க்கிற மாதிரி.

"ஆன்ட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சம்கூட இல்லையா?"

"நான் ஏன் ஆபீசர் பொய் சொல்றேன். ரப்பர் வாங்கறதில்ல."

"அப்ப எதைக் குறைப்பீங்க?"

"குறைக்க ஒண்ணும் இல்லாதது நல்லதுதானே," என்றாள் அஸாரா மெதுவாக.

"நல்லதுதான். ரொம்ப நல்லது," என்றார் லாம்ப்டே. "ஆனா நல்லதுக்குச் சான்றிதழ் கிடையாது. குறைச்சதுக்குத்தான்."

பக்கத்துக் கடை எஸிக்கு முதல் வாரத்திலேயே சான்றிதழ் வந்துவிட்டது. எஸி சோறு விற்பவள். தெர்மாக்கோல் டப்பா, அதற்கு ஒரு ரப்பர், அதற்கு மேல் இன்னொரு ரப்பர் என்று விற்பாள். வாரியம் அவளுக்குப் 'பசுமைத் தாய்' என்று ஒரு பட்டமும், கண்ணாடித் தாளில் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் குடையும் கொடுத்திருந்தது. சான்றிதழைச் சோற்றுப் பானைக்கு மேலே தொங்கவிட்டிருந்தாள். அஸாரா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எஸிக்கே பாவமாக இருந்தது.

"கணக்கெடுக்க வந்தப்போ என்னடி சொன்ன?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். அந்தப் பிள்ளை ரொம்ப சந்தோஷப்பட்டு கைகுடுத்துட்டுப் போச்சு."

"கைகுடுத்துட்டுப் போச்சாம். ஏண்டி, சர்க்கார் ஆளு வந்து எவ்வளவுன்னு கேட்டா யாராவது உள்ளதைச் சொல்லுவாங்களா? ரெண்டு ரப்பர்தான் போடறேன், மூணுன்னு சொன்னேன். இப்பவும் ரெண்டுதான் போடறேன். மூணுல ஒண்ணு குறைஞ்சு போச்சா இல்லையா?"

"அப்ப நீ குறைக்கவே இல்லையே."

"குடை யார்கிட்ட இருக்கு?"



லாம்ப்டே நல்ல மனிதர். மேலதிகாரிகளிடம் பேசிவிட்டு ஒரு வழியோடு கடைக்கே வந்தார். "ஆன்ட்டி, கொஞ்ச நாளைக்கு நீங்க பிளாஸ்டிக் உபயோகிங்க. நல்லா தாராளமா உபயோகிங்க. அதுக்கப்புறம் குறைங்க. கம்ப்யூட்டர் ஏத்துக்கும்."

அஸாரா வாழ்க்கையில் முதல்முறையாகக் கறுப்பு ரப்பர் கட்டு வாங்கினாள். மறுநாள் காலையில் இலைக்குப் பதிலாக ரப்பரில் வாச்சே போட்டுக் கொடுத்தாள். வாங்கியவர்கள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?" என்றாள் வென்ச்சிக்குப் போகிற டீச்சரம்மா.

"நல்லாத்தான் இருக்கேன்."

"வீட்டுல யாருக்காவது ஏதாவது?"

"எல்லாம் நல்லா இருக்காங்கம்மா. சான்றிதழுக்காக."

டீச்சரம்மா தலையை ஆட்டிவிட்டு, "எனக்கு ஒரு இலை சும்மா குடுங்க," என்று வாங்கி, ரப்பரில் இருந்ததை இலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து அடுத்தவரும் அப்படியே கேட்டார். பொழுது ஏறுவதற்குள் அஸாரா ஆளுக்கு ஒரு ரப்பரும் ஒரு இலையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலி ரப்பர்கள் காற்றில் பறந்து வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டன. இலைக்குப் பழகிய ஆடு ஒன்று ரப்பரை மென்று பார்த்துவிட்டு அவளையே முறைத்துக்கொண்டு நின்றது.

அப்போது நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். வாரியத்தின் மாடியில் இருக்கிற கண்காணிப்புப் பிரிவு.

"இது என்ன?"

"ரப்பர்."

"ரெண்டு வருஷமா ஒண்ணுமே இல்லாம இருந்த கடை நீங்க. எங்க பதிவுல இருக்கு. திடீர்னு ஏன் ஆரம்பிச்சீங்க?"

"உங்க ஆபீசர்தான் சொன்னாரு."

"எந்த ஆபீசர்?"

"கீழ்தளத்துல இருக்காரே, லாம்ப்டே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கீழ்தளம் குறைக்கிற பிரிவு. நாங்க பிடிக்கிற பிரிவு. அவங்க சொன்னது எங்களைக் கட்டுப்படுத்தாது." மிச்சமிருந்த ரப்பர் கட்டைத் தூக்கி ஒரு பெரிய ரப்பர் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அஸாராவுக்கு ஒருபக்கம் நிம்மதியாகத்தான் இருந்தது. சனியன் தொலைந்தது, இனி பையும் இல்லை, அப்படியானால் குறைந்ததாகத்தானே அர்த்தம் என்று மறுபடியும் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு வாரியத்துக்குப் போனாள்.

லாம்ப்டே தலையில் கைவைத்துக்கொண்டார். "அவங்க எடுத்தா அது அவங்க சாதனை ஆன்ட்டி. உங்க பேருல வராது. அதோட மேலிடத்துல இன்னொண்ணும் சொல்லிட்டாங்க. பிளாஸ்டிக் பழசா இருக்கணுமாம். கணக்கெடுப்புக்கு முன்னாடியே உங்க கடையில இருந்ததைத்தான் குறைச்சதா எடுத்துப்பாங்களாம்."

"பழசுக்கு நான் எங்க போவேன் ஆபீசர்?"

அந்தக் கேள்வி லாம்ப்டேயைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து இருட்டோடு எழுந்து ஸ்டேஷனுக்கு வந்தார். வந்தவர், வேப்பமரத்தடியில் நீலமும் சிவப்பும் பச்சையுமாக நீண்டு கிடந்த கிண்ண வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஆன்ட்டி, இதெல்லாம் என்ன?"

"கிண்ணம்."

"பிளாஸ்டிக்தானே?"

"பிளாஸ்டிக்தான்."

"பழசா?"

"ரொம்பப் பழசு. அந்தப் பச்சைக் கிண்ணத்துக்காரருக்கு இப்ப பேரப்பிள்ளை இருக்கு."

லாம்ப்டே அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்கலங்கிவிட்டது அவருக்கு. "ஆன்ட்டி, உங்ககிட்ட பிளாஸ்டிக் இருக்கு. இவ்வளவு நாளா எங்கிட்ட மறைச்சுட்டீங்களே."

இப்படித்தான் அஸாரா கடையின் பழைய பிளாஸ்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க அந்த வாரமே உத்தரவும் வந்தது. இசாக்குவின் கிண்ணம் பிடிபட்டது அந்த உத்தரவில்தான்.

இழுபறியில் லாம்ப்டேதான் ஜெயித்தார். இசாக்கு அவரை அடித்திருப்பான். அஸாரா அவன் கையைப் பிடித்து, "விடுப்பா, என் இடத்துக்காக," என்றாள். அவன் விட்டான். கிண்ணங்களை மூடியோடு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு இசாக்கு இலையில் தின்றுவிட்டு வண்டி எடுத்தான். சாயங்காலம் வீட்டில் கிண்ணம் எங்கே என்று கேட்டதற்கு, பிளாஸ்டிக்கைக் குறைத்துவிட்டார்கள் என்றானாம். அவன் மனைவி அதை நம்பவில்லை. எவள் வீட்டில் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டாளாம்.

மாதக் கடைசியில் ஸ்டேஷனிலேயே பந்தல் போட்டு விழா. வாரியத் தலைவர் டாக்டர் அட்டோபரா வந்தார். மேடைக்கு நடுவில், பறிமுதல் செய்த கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி மேலே கண்ணாடித் தாள் சுற்றியிருந்தார்கள். டிரைவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, அவரவர் கிண்ணத்தைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார்கள். "அதோ, அடியில மூணாவது, மூடி உடைஞ்சது," என்று இசாக்கு பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினான்.

டாக்டர் அட்டோபரா மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே, டிரைவர்மார்களே. நான் இந்த வாரியத்துக்கு வந்தப்போ இந்த ஊர்ல எவ்வளவு பிளாஸ்டிக் இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னைக்கு அந்த நிலைமை இல்ல. ரொம்ப அதிகமா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். இது எங்க முதல் வெற்றி."

கைதட்டினார்கள்.

"போன வருஷம் மூணுல ஒரு பங்கு குறைச்சோம். இந்த வருஷமும் மூணுல ஒரு பங்கு குறைச்சோம். இப்படியே போனா ஒருநாள் குறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம போயிடுமோன்னு எங்க ஊழியர்கள் சிலபேர் கவலைப்படறாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. அவங்களுக்கு நான் இந்த மேடையில ஒரு உறுதி தர்றேன். வருஷா வருஷம் குறைக்கத் தேவையான பிளாஸ்டிக் இந்த ஊர்ல எப்பவும் இருக்கும். அதுக்கு இந்த வாரியம் பொறுப்பு."

ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு, கிண்ணத்தைத் தியாகம் செய்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். 'பிளாஸ்டிக்கைக் குறைப்போம்' என்று அச்சடித்த புது பிளாஸ்டிக் கிண்ணம். ஒவ்வொன்றும் தனித்தனி ரப்பர் உறையில் இருந்தது.

இசாக்கு மேடையிலேயே கேட்டுவிட்டான். "ஐயா, இதுவும் பிளாஸ்டிக்தானே?"

டாக்டர் அட்டோபரா பொறுமையாகச் சிரித்தார். "இது பிளாஸ்டிக் இல்ல தம்பி. விழிப்புணர்வு."

புதுக் கிண்ணங்களுக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாத விழிப்புணர்வை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர்கள் கலைந்தார்கள்.

விழா முடிந்து தலைவர் காரில் ஏறப்போகும்போது லாம்ப்டே அஸாராவைக் கூட்டிக்கொண்டு ஓடினார். "சார், இவங்கதான் அந்தக் கிண்ணக் கடை. சான்றிதழ் மட்டும் பாக்கி."

தலைவர் அவளை அன்போடு பார்த்தார். "கிண்ணம் உங்களுதா அம்மா?"

"இல்லைங்க ஐயா. வாடிக்கைக்காரங்களுது."

"அப்ப குறைச்சது அவங்கதானே? டிரைவர்கள் விண்ணப்பிக்கட்டும், அவங்களுக்குத் தாராளமா குடுக்கலாம்."

"அவங்களுக்குக் கடை இல்லைங்களே ஐயா. கடை எனக்குத்தானே."

"உங்க பேருல என்ன இருக்கு?"

"பூஜ்யம் சார்," என்றார் லாம்ப்டே தலையைக் குனிந்துகொண்டு.

"அப்பவும் பூஜ்யம், இப்பவும் பூஜ்யமா?"

"ஆமா சார்."

தலைவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. எங்களுது குறைப்பு வாரியம். நீங்க செய்யறது ஒழிப்பு. அது வேற வாரியத்தோட வேலை."

"அந்த வாரியம் எங்க இருக்குங்க ஐயா? நான் போய்ப் பாக்கறேன்."

"இன்னும் ஆரம்பிக்கல."

அஸாரா அழவில்லை. ஆனால் கேட்டாள். "ஐயா, நான் உங்க ஊருக்கு ஒரு கெடுதலும் பண்ணல. நீங்க வேணாம்னு சொல்றதை, நீங்க சொல்றதுக்கு முந்தியே பண்ணாம இருந்தேன். அதுக்கு என்னை மாட்டுச் சந்தைக்குப் பின்னால தள்ளறீங்க. நான் இப்ப என்ன பண்ணணும், அதையாவது சொல்லிட்டுப் போங்க."

அதிகாரிகள் எல்லோரும் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். மரத்தில் இன்னும் இரண்டு மூன்று ரப்பர் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு வழி இருக்கு," என்றார் தலைவர் கடைசியில். இரக்கம் இல்லாதவர் இல்லை அவர். "கணக்கெடுப்புக்கு முன்னால நீங்க யாருக்காவது ஒரே ஒரு பிளாஸ்டிக் பையாவது குடுத்திருந்தா போதும். ஒண்ணுல இருந்து பூஜ்யம்னா கம்ப்யூட்டர் சந்தோஷமா ஏத்துக்கும். வாங்கினவர் வந்து சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். நானே கையெழுத்துப் போடறேன்."

அன்று மாலை வென்ச்சி வண்டி டிரைவர்கள் எல்லோரும் மரத்தடியில் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள். ஒரே ஒரு பை.

"மழை பெஞ்சப்போ?" என்றான் இசாக்கு. "மழையில கூடவா ஒரு ரப்பர் குடுக்கல நீ?"

"மழைன்னா ரெண்டு இலை வைப்பேன்."

"இலை தீர்ந்து போன நாள்?"

"இலை தீர்ந்தா கடையைச் சாத்திடுவேன். உனக்குத்தான் தெரியுமே, பசியோட நின்னு திட்டுவியே."

"பெருநாள் அன்னைக்கு? கூட்டத்துல? யாருக்காவது தெரியாத்தனமா?"

"எங்கிட்ட இருந்தாத்தானேப்பா தெரியாத்தனமா குடுக்க முடியும்."

எஸி தன் கடையிலிருந்தே குரல் கொடுத்தாள். "நான் வந்து சத்தியம் பண்றேண்டி. ஒண்ணு என்ன, ஒரு கட்டு வாங்கினேன்னு சொல்றேன்."

"வேணாம்," என்றாள் அஸாரா.

இசாக்கு தொண்டையைச் செருமிக்கொண்டான். "வேணும்னா நான் சொல்றேன். என் கிண்ணமே போச்சு. இனிமே எனக்கு என்ன."

"நீயும் வேணாம். என் சோத்துக்காக யாரும் பொய்ச் சத்தியம் பண்ணக் கூடாது. நெசமா வாங்கினவங்க யாராவது இருந்தா வரட்டும். இல்லாட்டி நான் பானையத் தூக்கிட்டு மாட்டுக்குப் பின்னால போறேன்."

அவள் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

கொட்டகையில் இடம் ஒதுக்குவது ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நடக்கும். அதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. லாம்ப்டே ஊர் ஊராகப் போய் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். ஆகவே இதைப் படிக்கிற உங்களைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. வேலைக்கோ வியாபாரத்துக்கோ, சும்மா வழிப்பயணமாகவோ அந்தப் பக்கம் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். டெச்சிமான் லாரி ஸ்டேஷனில், வென்ச்சி வண்டிகள் நிற்கும் வேப்பமரத்தடியில், வாச்சே வாங்கித் தின்றிருக்கிறீர்களா? அந்தப் பெண் உங்களுக்கு எப்போதாவது, கை தவறியாவது, ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தாளா? கொடுத்திருந்தால் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். எந்த வருஷம், என்ன நிறம் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். உண்மையாக வாங்கியவர்கள் மட்டும் எழுதினால் போதும்.